உதாரணத்துக்கு வாங்கிய குதிரை

கில்ஃபார்னா,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய கோல்மன் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் லோர்கன் ஹெராட்டி பணிவாக எழுதிக்கொண்டது. அங்கே நீங்களும் வீட்டாரும் மாடுகளும் மழையில் நனையாமல், முட்டி வலி இல்லாமல் இருக்க அன்றாடம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த அதே நேரத்தில் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு தலை உள்ளே நுழைந்து, மேஜையில் ஆற வைத்திருந்த என் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு வெளியே போயிற்று. அது உங்கள் தங்கையின் தலை அல்ல. ஊனா டப்ளினில் இருக்கிறாள். எங்கள் சின்ன மகள் ப்ரீடின் பிரசவத்துக்குத் துணையாகப் போனவள், வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறாள். அதற்குள் நீங்கள் வண்டியோடு வந்து, அந்தத் தலையையும் அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கும் மற்ற அங்கங்களையும் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். மிச்சமெல்லாம் விளக்கம். விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

ஊனாவின் அடுப்பு விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டு அடுப்பு புகையை மேலே அனுப்புகிற வேலையை என்றைக்கோ விட்டுவிட்டது. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கரியை மூட்டினால் புகை நேராக அவள் கண்ணுக்குத்தான் வருகிறது. குளிர்காலம் பூராவும் அவள் அழுதுகொண்டே ரொட்டி சுடுவாள், நான் அழுதுகொண்டே தின்பேன், பார்க்க வருகிறவர்கள் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றுவார்கள். அதனால் முட்டை விற்ற காசைத் தேயிலை டப்பாவில் போட்டுப் போட்டு முப்பது பவுண்டு சேர்த்தாள். இரும்புக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெண்ணெய் நிறத்தில் ஒரு இரும்பு அடுப்பு நிற்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அதன் முன்னால் போய் நிற்பாள். பூசையில்கூட அவள் அவ்வளவு பக்தியாய் நின்று நான் பார்த்ததில்லை. கடைக்காரர் இந்த வியாழன்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் போனால் பாதிரியார் வீட்டுச் சமையல்காரி ரொக்கத்தோடு தயாராக இருக்கிறாளாம். ஊனா டப்ளின் பஸ்ஸில் ஏறும்போது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, படியில் நின்றபடியே சொன்னாள்: "நேரா இரும்புக்கடைக்குப் போங்க. காசைக் குடுங்க. ரசீதை வாங்குங்க. நேரா வீட்டுக்கு வாங்க. நடுவுல யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. முக்கியமா, எந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் சொல்லாதீங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் முழுக்க ஒரு சொல்லின்மேல்தான் மச்சான். நான் ஜவுளிக்கடையில் நாற்பது வருஷம் காசாளராக உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். என் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கும்: 'ஒரே விலை. பேரம் கிடையாது.' வருஷத்தில் இரண்டு தடவை, பழைய சரக்கைத் தள்ள வேண்டிய வாரத்தில், அதே பலகையைத் திருப்பி மாட்டுவார்கள். பின்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'பார்கெய்ன்.' பேரமே கிடையாது என்கிற கடையில் பேரம் என்கிற சொல்லையே இவ்வளவு பெரிதாக எழுதித் தொங்கவிடுகிறார்களே, இதில் எது பொய் என்று நாற்பது வருஷமும் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். முதலாளியைக் கேட்டால் சில்லறையை எண்ணு என்பார். ஓய்வு பெற்ற மறுநாளே நூலகத்துக்குப் போய், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அகராதியை இறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

அது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்த சொல்லாம். முதலில் அதற்கு இழுபறி செய்வது என்று பொருள். நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நீ போகிற மாதிரி போக, நான் கூப்பிடாத மாதிரி கூப்பிட, அது. அப்புறம் இழுபறி முடிந்து ஏற்படுகிற உடன்பாட்டுக்கே அந்தப் பேர் வந்தது. அப்புறம் அந்த உடன்பாட்டில் கைக்கு வந்து சேர்ந்த பொருளுக்கு. கடைசியாகத்தான், மிகவும் மலிவாய் அமைந்துவிட்ட பொருளுக்கு. இடையில் கொஞ்ச காலம் அடிதடிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதில் எனக்கு வியப்பில்லை, நான் ஜவுளிக்கடையில் இருந்தவன். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்றால், சரக்கை இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுபோகும் படகின் பேரிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, கடனைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. பேரத்தைப் பற்றிய பேரமே இன்னும் படியவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை மச்சான். வருகிற வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆண்கள் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு, பத்துப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை இரும்புக்கடைக்குக் கிளம்பினேன். அக்டோபர் சந்தை என்பதால் ஊரில் கால் வைக்க இடமில்லை. கடைக்கு இரண்டு வழி. ஒன்று நதியோரமாக, இன்னொன்று சந்தை மைதானத்தின் நடுவாக. நதியோரம் ஈரமாக இருக்கும் என்று மைதானத்து வழியில் போனேன். இதை ஊனாவிடம் சொல்லும்போது ஈரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சாம்பல் நிறக் குட்டைக் குதிரை, பெட்டை, மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்த கோலத்தில் நிற்கிறது. பக்கத்தில் அதன் சொந்தக்காரன் பார்ட்லி. எதிரே வாங்க வந்த ஒரு ஆள். இரண்டு பேருக்கும் நடுவில் நெட் என்கிற தரகன், முறம் போல உள்ளங்கை. வாங்க வந்தவர் வேண்டாம் என்று போகிறார், நெட் இழுத்து வருகிறான், மறுபடி போகிறார், மறுபடி இழுத்து வருகிறான். என் பத்துப் பக்கமும் கண்ணெதிரே உயிரோடு நடக்கிறது. எப்படி மச்சான் நான் நிற்காமல் போவேன்? அந்த ஆள் மூன்றாம் தடவை நிஜமாகவே போய்விட்டார். நான் மட்டும் அதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பார்ட்லி என்னைப் பார்த்தான். "என்னண்ணே, குதிரையைப் பாக்குறீங்களா, எங்க வாயைப் பாக்குறீங்களா?"

வார்த்தையைப் பார்க்கிறேன் என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவன் எந்த வார்த்தை என்று கேட்டுவிட்டான், மச்சான். என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. நான் பிரெஞ்சுக்காரர்களில் ஆரம்பித்தேன். நெட் ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து கேட்டான். நாலைந்து பேர் கூடினார்கள். காலையிலிருந்து போணி ஆகாதவர்கள், பொழுது போக வேண்டாமா. இழுபறி என்றால் என்ன என்று விளங்க வைக்க ஒரு உதாரணம் தேவைப்பட்டது. "உதாரணத்துக்கு, நீங்க நாற்பது பவுண்டு கேக்குறீங்கன்னு வெச்சுக்குங்க," என்றேன் பார்ட்லியிடம். "உதாரணத்துக்கு, நான் இருபதுன்னு சொல்றேன்."

"நாற்பதுதான் நான் கேக்குறேன்," என்றான் அவன்.

"அதான், உதாரணத்துக்கு."

நெட் எழுந்து வந்தான். "ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க. இதுக்குப் போய் எதுக்கு இழுபறி? நடுவுல பிளந்துடுவோம். முப்பது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டாவது பொருளை நான் சொல்வதற்கு முன்பே அவன் எடுத்துக் கொடுக்கிறான். "அதேதான்," என்றேன். "இப்படி முடியுது பாருங்க, இந்த முடிவுக்கும் அதே பேர்தான்," என்று சொல்லி, முடிவு எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி என் உள்ளங்கையை அகலமாக விரித்து நீட்டினேன். பார்ட்லி தன் கையில் துப்பினான். நெட் என் மணிக்கட்டைப் பிடித்தான். அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. மைதானத்தின் மறுகோடியில் நின்ற வாத்துகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

உங்களுக்கு நான் சந்தை வழக்கம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அதில் பிறந்தவர். கையோடு கை தட்டியாகிவிட்டால் முடிந்தது. பத்திரம் வேண்டாம், சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம். தட்டிய பிறகு மாறுகிறவனோடு எந்தச் சந்தையிலும் எவனும் பேசமாட்டான், அவன் வீட்டுக் கோழியைக்கூட வாங்கமாட்டான். ஆனாலும் உதாரணத்துக்குத்தான் சொன்னேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பார்ட்லி கொஞ்சமும் கோபப்படவில்லை. "சரிண்ணே. உதாரணத்துக்குக் காசை எடுங்க," என்றான். அதற்குள் கூட்டத்தில் ஒரு கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இது யாரு தெரியுதா? ஃபெஸ்டி கொனீலியோட மருமகன். ஃபெஸ்டிக்கு ஒரு தட்டுதான். தட்டின கையைத் திருப்பி வாங்கினதே கிடையாது." எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். என் மாமனார், உங்கள் அப்பா, அந்த மைதானத்தில் அந்த மாதிரிப் பேர் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அங்கே நின்றுகொண்டு, இல்லை, நான் பேசினது அகராதி என்று எப்படிச் சொல்வேன்? நீங்களே சொல்லுங்கள். டப்பாவைத் திறந்தேன்.

வழக்கப்படி அவன் ராசிக் காசு என்று ஒரு வெள்ளிக் காசை என் கையில் திருப்பி வைத்தான். எங்கள் கடையில் ஒரே விலைதான், எனக்குத் தள்ளுபடி வேண்டாம் என்று நான் அதைத் திருப்பிக் கொடுக்கப் போக, கூட்டமே மூச்சை இழுத்துக்கொண்டது. ராசிக் காசைத் திருப்பினால் குதிரை செத்துவிடுமாம். அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டேன். வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே என்று அப்போதுதான் கேட்டேன். "அது மலைப்புல் வயிறுண்ணே. நானே இதை நேத்துதான் மலைக்காரன்கிட்ட வாங்கினேன், அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் காய்ஞ்ச புல்லு போடுங்க, இறங்கிடும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அகராதியின் மூன்றாவது பொருள் கழுத்தில் கயிற்றோடு என் பக்கத்தில் நின்று என் தொப்பியை முகர்ந்துகொண்டிருந்தது.

இனி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை. மலைக் குதிரைகள் கூட்டமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ப் பழகியவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியாது. இழுத்தால் வராது, தள்ளினால் போகாது. முன்னால் ஏதாவது போனால் மட்டும் அதன் பின்னால் போகும். முதலில் தபால்காரர் சைக்கிளின் பின்னால் போனோம், அவர் எங்கள் தெருப்பக்கம் போகிறவர், நல்லதாகப் போயிற்று. பாலத்தருகே எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. சவ ஊர்வலம் எதிர்ப்பட்டால் திரும்பி அதோடு நாலடி நடப்பதுதானே நம் மரியாதை? நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாலடி நடந்தேன். குதிரை தன் கூட்டம் கிடைத்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டது. நாலடியில் நான் நின்றேன், அது நிற்கவில்லை. ஊர்வலத்தின் நடுவில் கயிற்றை இழுத்துச் சண்டை போட முடியுமா? எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில், மலைக் கல்லறைத் தோட்டம்வரை, இறந்தவரின் சொந்தக்காரர்களுக்கும் பாதிரியாருக்கும் இடையில் நானும் குதிரையும் நடந்தோம். இறந்தவர் ஒரு தையல்காரராம், வாழ்நாளில் குதிரைமேல் ஏறாதவராம். அவருக்கு மரியாதை செய்யக் குதிரையோடு ஒருவர் வந்திருக்கிறார் என்று அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், என் காரணம் வேறு. குழிக்குப் பக்கத்தில் குதிரை தலையைக் குனிந்து அசையாமல் நின்றது. வாயில்லா ஜீவனுக்கு எவ்வளவு துக்கம் பாருங்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். மலர்வளையத்தில் பாதிக்குமேல் போன பிறகுதான் பாதிரியார் கவனித்தார். அதற்குப் பிறகும் எனக்குத் தேநீரும் பன்றி இறைச்சி ரொட்டியும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள், நல்ல மனிதர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் முன்னால் ஓடினேன், அது பின்னால் வந்தது.

அது வீட்டுக்கு வந்து இன்றோடு நான்காம் நாள். ஊனாவின் முட்டைக்கோஸ் போயிற்று. டாலியாப் பூச்செடிகள் போயின. நாற்காலியின் பிரம்பு போயிற்று. என் பேச்சில் நாலாவது பக்கம் போயிற்று, அதில்தான் படகுக் கட்சியின் வாதம் முழுக்க இருந்தது, எனவே எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கடன் கட்சி ஜெயித்துவிட்டது. மண்கரிக் கொட்டகையில் அடைத்தால் கதவைத் தின்கிறது. இவ்வளவு தின்றும் முகத்தில் திருப்தி இல்லை. வயிறு இறங்குவதாகவும் தெரியவில்லை, எனக்கென்னவோ ஏறுகிற மாதிரிதான் படுகிறது. சில நேரம் தின்பதை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. உப்புசமோ என்று நான் ஒரு டம்ளரில் சோடா உப்பு கரைத்துக் கொண்டுபோனேன், டம்ளரைக் கடித்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் திருமதி ஃபீனியை உங்களுக்கு நினைவிருக்கும், வேலிக்கு மேலே முகம் மட்டும் தெரிகிறவள். நேற்று காலையில் முகம் வந்தது. குதிரையைப் பார்த்தது, முட்டைக்கோஸ் இருந்த இடத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "ஊனாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். நான் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்றேன். "தெரியாது போலிருக்கு," என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தபாலாபீஸ் பக்கம் நடந்தாள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கினாலும் பயனில்லை, ஜன்னல் வழியாகத் தலை வந்துவிடுகிறது.

ஆகவே மச்சான், காலில் விழுகிற மாதிரி கேட்கிறேன். நாளை புதன்கிழமை வண்டியோடு வாருங்கள். குதிரையை ஓட்டிப் போங்கள். யாராவது கேட்டால், அது முதலிலிருந்தே உங்கள் குதிரை, நான் வழியில் பிடித்து வைத்திருந்தேன் என்று சொல்லுங்கள். முப்பது பவுண்டு கொடுத்தேன், முப்பது தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து தாருங்கள். இருபத்தைந்தா என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, சரி, இருபது. பன்னிரண்டுக்கு மேல் தரமாட்டேன் என்று எழுந்து வாசல்வரை போவீர்கள், உங்கள் குடும்ப வழக்கம் அது. நான் ஓடிவந்து கையைப் பிடித்துப் பதினைந்து என்பேன். வேண்டாம், அவ்வளவு தூரம் உங்களை நடக்க வைப்பானேன், பத்து. பத்து பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், கயிறும் ராசிக் காசும் இனாம். அந்தப் பத்தை முன்பணமாகக் கொடுத்து இரும்புக்கடைக்காரர் காலில் விழுந்து அடுப்பை நிறுத்தி வைக்கிறேன். இந்தக் குளிர்காலத்திலும் அவள் புகையில் நிற்க வேண்டுமென்றால் அது என்னால்தான், மச்சான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அடுப்பை மூட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. குதிரை விஷயத்தில் உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதில் ஏதாவது நல்லது இருந்தால் அது உங்களுக்கே ஆகட்டும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் கூரை ஒழுகாமல், வைக்கோல் நனையாமல், பால் திரியாமல் எல்லாப் புனிதரும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் இரண்டு கைகளையும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கப் போகும் தங்கள் மைத்துனன்,
லோர்கன் ஹெராட்டி.

பி.கு.: மச்சான், மேலே எழுதியிருப்பதை எழுதாததாகவே கொள்ளவும். வண்டி வேண்டாம். நீங்களும் வரவேண்டாம், அதாவது கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வாருங்கள், நாளைக்கு வேண்டாம். விலை என்று நான் எழுதியதெல்லாம் உதாரணத்துக்கு. கடிதத்தில் கை தட்ட முடியாது, அதனால் உங்களுக்கு எதுவும் படியவில்லை. இந்தக் கடைசி வாக்கியம் ஊனா சொல்லச் சொல்ல எழுதியது.

ஆமாம், வந்துவிட்டாள். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் பெட்டியோடு நிற்கிறாள். திருமதி ஃபீனி தந்தி கொடுத்திருக்கிறாள். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் சிக்கனமாக, 'லோர்கன். குதிரை. உடனே வா,' என்று மட்டும். குதிரை உதைத்து நான் போய்விட்டேன் என்று எண்ணி, பஸ் பூராவும் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். நான் பேனாவோடு கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட நிலையிலேயே என் தோளுக்கு மேலாகக் குதிரையைப் பார்த்தாள். முட்டைக்கோஸ் இருந்த இடத்தைப் பார்த்தாள். அடுப்புக்காசு எங்கே என்று கேட்டாள். நான் குதிரையைக் காட்டினேன்.

தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டினாள். குதிரையின் வாயைத் திறந்து பார்த்தாள், காலைத் தூக்கிப் பார்த்தாள், சுற்றி வந்தாள், அடிவயிற்றைக் குனிந்து பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி சில்லென்று கொண்டுவரச் சொன்னாள். குதிரை குடித்தது. அவள் அதன் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பின்னால் நின்று, அந்தச் சொல் முதலில் பிரெஞ்சுக்காரர்களிடம் என்று ஆரம்பித்தேன். வாயை மூடுங்க என்றாள். கையை எடுக்காமலே, யாருக்குக் கடிதம் எழுதுறீங்க என்று கேட்டாள். உங்கள் பேரைச் சொன்னேன். என்ன விலை எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பத்து என்றேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள் மச்சான். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலில் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. வேலிக்கு மேலே முகம் வந்துவிட்டுப் போயிற்று. "எங்கண்ணன் வந்திருப்பான்," என்றாள். "ஒரே ஒரு பார்வை பாத்திருப்பான். வாயைத் திறந்திருக்க மாட்டான். உங்களுக்காகப் பரிதாபப்பட்ட மாதிரி பத்தைக் குடுத்துட்டு, ரெண்டு குதிரையை ஓட்டிக்கிட்டுப் போயிருப்பான்."

மலைக்காரனுக்குத் தெரியவில்லை, பார்ட்லிக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியுமா? பிப்ரவரி கடைசியில் குட்டி போடும் என்கிறாள், அதைச் சோதிக்கத்தான் அந்தச் சில்லென்ற தண்ணீராம். மலைக் குதிரையின் குட்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும், நான் எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று தோளுக்கு மேலே குனிந்து சொல்கிறாள். வெண்ணெய் நிற அடுப்பு சமையல்காரிக்கே போகட்டுமாம். அடுத்த கோடையில் இரண்டு வாய் வைத்த அடுப்பாகவே வாங்கிக்கொள்ளலாமாம். அதுவரை தினமும் விடியுமுன் எழுந்து புகையில் நின்று அடுப்பு மூட்டுவது என் பொறுப்பு. இது தண்டனையா என்று கேட்டேன், இல்லை, உடன்பாடு என்றாள். அகராதியில் இரண்டாவது பொருள். ஒப்புக்கொண்டேன். இந்தக் கடிதத்தையும் கிழிக்க விடவில்லை. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்கக் கூடாதாம், அதோடு பத்து பவுண்டு என்பதை நீங்கள் உங்கள் கண்ணாலேயே படிக்க வேண்டுமாம்.

அப்புறம், கையைக் குடுங்க என்றாள். நான் பயந்து இரண்டையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவளே ஒன்றை வெளியே இழுத்து, விரலை விரித்து, தன் கை இருந்த இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குதிரையின் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. ஒன்றும் இல்லையே என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, உள்ளேயிருந்து யாரோ என் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினார்கள்.

ஆகவே மச்சான், இதைத் திருப்பித் தர இனி வழியில்லை. தட்டியாகிவிட்டது.